பக்கத்து அறை: வெள்ளவத்தை வீடொன்றில் கறைக்காப்பு ஸ்பிரேயும் ஒரு குருவியின் சாவும்

குஷன் வேலையில் எனக்கு இது இருபத்திரண்டாவது வருடம். தெஹிவளையில் சிறிய வேலைத்தலம் வைத்திருக்கிறேன். செற்றிக்குத் துணி மாற்றுவது, பஞ்சு மாற்றுவது, புதுத் துணியில் கறை பிடிக்காமல் இருக்க மருந்து அடித்துக் கொடுப்பது, இவைதான் தொழில். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கம் வாடிக்கை வீடுகள் அதிகம். மூன்றாவதாகச் சொன்ன அந்த வேலையில் 2024 ஒக்டோபரில் பெரிய தவறு ஒன்று நடந்துவிட்டது. டின்னைப் பிடித்து அடித்தவர் என் வேலையாள். எந்த டின்னை வாங்குவது, எங்கே வைத்து அடிப்பது என்று முடிவு செய்தவன் நான். ஆகவே பொறுப்பு என்னுடையது.

ஒரு குருவி இறந்தது. ஒரு பூனை இரண்டு நாள் சிகிச்சையில் இருந்து தப்பியது. வேலையாளுக்கு மறுநாள் வரை தலையிடியும் இருமலும் விடவில்லை. அன்று நடந்ததை மணி மணியாகத் திரும்பப் பார்த்து, எங்கே தவறினோம் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் எடுத்தது. பெயரைச் சொல்லாமல் எழுத அந்தக் குடும்பம் அனுமதித்தது. என் தொழிலில் இருப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். அவர்களைவிட, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கடையில் ஒரு டின் வாங்கித் தாங்களே அடித்துக்கொள்ளும் வீட்டுக்காரர்கள் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

வீடும் வேலையும்

காலி வீதியிலிருந்து மரைன் டிரைவ் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் உள்ள தொடர்மாடி. நான்காம் மாடியில் வீடு. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், அவருடைய மகள், மருமகன், ஒன்பது வயதுப் பேரன். அந்த ஆசிரியையை ஒழுங்கை முழுவதும் ரீச்சர் என்றுதான் அழைக்கும். நானும் அப்படியே அழைக்கிறேன். வரவேற்பறை 18 அடி நீளம், 14 அடி அகலம், 9 அடி உயரம். மேற்கே கடலைப் பார்த்த பால்கனி. கிழக்கே ரீச்சரின் படுக்கையறை, அதனுடன் இணைந்த குளியலறை. சமையலறை வடக்கே.

மூன்று பேர் இருக்கும் செற்றி ஒன்று, தனி இருக்கை இரண்டு, சாப்பாட்டு மேசைக் கதிரைகளின் குஷன் ஆறு. எல்லாவற்றுக்கும் வெளிர் சாம்பல் லினன். பூனை உள்ள வீட்டுக்கு இந்த நிறம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "அதுதான் மருந்து அடிக்கிறீர்களே" என்றார் மகள். மருந்து இருக்கிறது என்ற தைரியத்தில் துணியைத் தெரிவு செய்வது பல வீடுகளில் நடக்கிறது. பிறகு அந்தத் துணியைக் காப்பாற்ற இன்னும் அதிகமாக மருந்து அடிக்கச் சொல்வார்கள்.

பூனையின் பெயர் சீனி, ஏழு வயது. நாம் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லும் பட்ஜரிகர் குருவிகள் இரண்டு, ஒன்று நீலம், ஒன்று பச்சை. பேரனின் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு வாங்கியவை.

மருந்து 400 மில்லிலீற்றர் டின்களில் வருவது. உள்ளே இருப்பவை மூன்று. துணி நாரில் ஒட்டிக்கொண்டு நீரையும் எண்ணெயையும் தள்ளிவிடும் புளோரின் கலந்த பல்பகுதியம், அதாவது பொலிமர். அதைக் கரைத்து வைத்திருக்கும் ஐதரோகாபன் கரைப்பான். டின்னிலிருந்து வெளியே தள்ளும் புரொப்பேன், பியூட்டேன் வாயு. முதலாவதுதான் துணியில் தங்குகிறது, அதுவும் சொற்ப அளவில். மற்ற இரண்டும் முழுவதுமாக அறைக் காற்றுக்குப் போகின்றன. இத்தனை வருடம் அடித்தும், டின்னில் பத்தில் ஒன்பது பங்கு வீட்டுக்காரர் சுவாசிக்கும் காற்றுக்குத்தான் போகிறது என்று நான் ஒருநாளும் கணக்குப் பார்த்ததில்லை.

சனிக்கிழமை

ஒக்டோபர் 26, தீபாவளிக்கு ஐந்து நாள் இருந்தது. ஒக்டோபரும் நவம்பரும் கொழும்பில் மழை கொட்டும் மாதங்கள். அன்றும் விடியற்காலையிலிருந்து மழை. பால்கனிக் கதவைத் திறந்தால் சாரல் புதுத் துணியில் படும் என்று மூடினார்கள். யன்னல்களும் மூடியிருந்தன. வெக்கை தாங்காமல் குளிரூட்டியைப் போட்டார்கள்.

நான் வேறு வீட்டில் நின்றேன். வேலையாள் தொலைபேசியில் கேட்டபோது, குருவிக் கூட்டை ரீச்சரின் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தும்படியும், பூனையைச் சமையலறையில் விடும்படியும் சொன்னேன். செல்லப் பிராணிகளை வேறு அறைக்கு மாற்றவும் என்று டின்னின் பின்புறத்தில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. அதன்படி செய்துவிட்டோம் என்ற நிம்மதியில் நான் என் வேலையைப் பார்த்தேன்.

9.40க்குத் தொடங்கி 11.10க்கு முடித்தார். மூன்றரை டின் தீர்ந்தது. இரண்டு மெல்லிய பூச்சுப் போதும் என்பது விதி. தண்ணீர் தெளித்துப் பார்த்தபோது ஓரிடத்தில் முத்தாக நிற்காமல் ஊறியது என்று மூன்றாவது பூச்சும் அடித்திருக்கிறார். அந்தப் பழக்கத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்ததும் நான்தான்.

11.45 அளவில் ரீச்சர் தன் அறைக்குப் போனார். கூட்டிலிருந்து சத்தமே இல்லை என்பதைத்தான் முதலில் கவனித்ததாகச் சொன்னார். நீலக் குருவி மேல் தடியில் உப்பிப்போய் இருந்தது. பச்சைக் குருவி கூட்டின் தரையில், சொண்டால் கம்பியைக் கவ்விப் பிடித்தபடி, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் அடிக்க, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. குருவி வளர்ப்பவர்கள் இந்த வாலடிப்பை நினைவில் வைத்திருக்க வேண்டும். சும்மா இருக்கும் குருவியின் வால் மூச்சோடு சேர்ந்து இப்படி அடித்தால் அது மூச்சுக்குப் போராடுகிறது என்று அர்த்தம். நாளை பார்ப்போம் என்று விடக்கூடிய அறிகுறி அல்ல.

"தம்பி, இந்தக் குருவிக்கு ஏதோ செய்கிறது, வந்து பாருங்கள்" என்று ரீச்சர் வேலையாளைத்தான் கூப்பிட்டிருக்கிறார். வேலையாளுக்கும் அப்போது தலை சுற்றிக்கொண்டிருந்தது. மருமகன் கூட்டைத் துணியால் மூடி முச்சக்கர வண்டியில் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனார். வழியிலேயே பச்சைக் குருவி இறந்துவிட்டது. நீலக் குருவியை ஒட்சிசன் பெட்டிக்குள் மாலைவரை வைத்தார்கள். அது தப்பியது.

அத்தோடு முடியவில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு வேலையாள் துணியைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. சமையலறைக் கதவைத் திறந்தார்கள். காலையிலிருந்து அடைபட்டிருந்த சீனி நேரே புதுச் செற்றியில் ஏறி, இரண்டு மணித்தியாலம் சுருண்டு தூங்கியது. எழுந்து வழக்கம்போல் தலை முதல் வால்வரை நக்கித் துப்புரவு செய்தது. ஆறு மணிக்கு வாயிலிருந்து கயிறு கயிறாக எச்சில். இரண்டு முறை வாந்தி. நடையில் தள்ளாட்டம்.

ரீச்சர் பால் எடுத்துவரப் போனார். பால் நஞ்சை முறிக்கும் என்று நம் வீடுகளில் எல்லோரும் நம்புகிறோம். நல்லவேளையாக மருமகன் அதற்குள் வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்திருந்தார். வைத்தியர் சொன்னவை வருமாறு: வாயில் எதையும் ஊற்றாதீர்கள், பால், எண்ணெய், உப்புத்தண்ணீர் எதுவும் வேண்டாம். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாத்திரம் கழுவும் திரவம் சில துளி, இளஞ்சூட்டுத் தண்ணீர், உடம்பைக் கழுவித் துவாயால் துடைத்துக் கொண்டுவாருங்கள். டின்னையும் கையோடு எடுத்து வாருங்கள்.

வாந்தியைத் தூண்டக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. ஐதரோகாபன் கரைப்பான் வயிற்றில் செய்யும் கேட்டைவிட, மேலே வரும்போது ஒரு துளி சுவாசக்குழாய்க்குள் இறங்கினால் நுரையீரலில் செய்யும் கேடு பெரிது. நாய்க்கும் குழந்தைக்கும் இதே விதிதான். பிள்ளையோ பெரியவரோ பாதிக்கப்பட்டால் கொழும்பு தேசிய வைத்தியசாலையில் உள்ள தேசிய நஞ்சுத் தகவல் நிலையத்தைக் கேட்கலாம். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். பிராணிகளுக்கு அப்படி ஒரு பொது இலக்கம் நம்மிடம் இல்லை என்றே எண்ணிக்கொண்டு, உங்கள் மிருக வைத்தியரின் இரவு இலக்கத்தை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

ஊதுபத்தி காட்டிய வழி

ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குப் போனேன். எனக்குப் புரியாதது ஒன்றுதான். பூனை செற்றியில் படுத்தது, நக்கியது, அது விளங்குகிறது. குருவிகள் இருந்தது வேறு அறையில். கதவு சாத்தியிருந்தது. குளிரூட்டி அறைக்கு ஒன்றாகப் பொருத்தியது, ஒரு அறைக் காற்றை இன்னோர் அறைக்குக் கொண்டுபோகும் குழாய் எதுவும் இல்லை. பிறகு எப்படி?

ரீச்சரின் அறைக்குள் நின்றுகொண்டிருந்தபோது மெல்லிய இரைச்சல் ஒன்று கேட்டது. குளியலறையில் காற்றை வெளியே தள்ளும் விசிறி. ஈரம் காய வேண்டும் என்று அது எப்போதும் ஓடும் என்றார் ரீச்சர். சனிக்கிழமையும் ஓடியிருக்கிறது.

சுவாமி அறையிலிருந்து ஊதுபத்தி ஒன்று கேட்டு வாங்கினேன். சனிக்கிழமை இருந்தபடியே யன்னல், பால்கனி எல்லாவற்றையும் மூடி, படுக்கையறைக் கதவையும் சாத்திவிட்டு, வரவேற்பறைப் பக்கத்தில் முழங்காலில் இருந்து கதவின் அடியில் பத்தியைப் பிடித்தேன். நேரே மேலே எழுந்த புகை அங்கே வந்ததும் மடிந்து படுத்து, நூல் கோத்ததுபோல் முக்கால் அங்குல இடைவெளிக்குள் உள்ளே இழுபட்டுப் போனது. கதவைத் திறந்து உள்ளே போய்ப் பார்த்தேன். புகை வெளிப்பட்ட இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, தரை ஓட்டில், கூட்டின் தண்ணீர்க் கிண்ணம் சிந்திய வட்டம் இன்னும் இருந்தது.

குளியலறை விசிறி அறைக் காற்றை வெளியே தள்ளுகிறது. தள்ளிய அளவுக்குக் காற்று எங்கிருந்தாவது உள்ளே வர வேண்டும். யன்னல் மூடியிருக்கிறது. வரக்கூடிய ஒரே வழி கதவடி. ஒன்றரை மணித்தியாலம் மருந்து அடித்த அறையின் காற்றை அந்த விசிறி இடைவிடாமல் உறிஞ்சி, குருவிக் கூட்டின் ஊடாக இழுத்திருக்கிறது. பாதுகாப்பான இடம் என்று நாம் தெரிந்தெடுத்த இடம்தான் வீட்டில் மிக மோசமான இடம். கூட்டைத் தரையில் வைத்தது அடுத்த பிழை. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு பாரம், பியூட்டேன் இரண்டு மடங்கு, ஹெப்டேன் போன்ற கரைப்பானின் ஆவி மூன்று மடங்குக்கும் மேல். எல்லாம் தரையோடுதான் நகரும். பூனையும் நாயும் தவழும் குழந்தையும் மூச்சு விடுவது அந்த உயரத்தில்தான்.

அதன்பிறகு கணக்குப் போட்டேன். டின்னில் உள்ள நிறை 280 கிராம். மூன்றரை டின் என்றால் கிட்டத்தட்ட ஒரு கிலோ. அதில் காற்றோடு போவது சுமார் 900 கிராம். அறையின் கொள்ளளவு 64 கன மீற்றர். எதுவும் வெளியேறவில்லை என்று வைத்தால் ஒரு கன மீற்றருக்கு 14 கிராம். ஹெப்டேனுக்கு அமெரிக்கத் தொழிற்சாலைகளில் வளர்ந்த மனிதர் ஒருவர் எட்டு மணித்தியாலம் சுவாசிக்கச் சட்டம் அனுமதிக்கும் சராசரி உச்சம் 500 பிபிஎம், அதாவது கன மீற்றருக்கு 2 கிராம். டின்னில் இருப்பது பல பொருள்களின் கலவை என்பதால் இது தோராயமான ஒப்பீடு. தோராயமாக ஏழு மடங்கு. குருவியின் எடை ஐம்பது கிராமும் இல்லை.

அதே கணக்கு இன்னொன்றையும் காட்டியது, அதை எழுதும்போது இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இத்தகைய ஆவி கன மீற்றருக்கு 40 கிராம் அளவை எட்டினால் தீப்பற்றும். அறை முழுவதும் சமமாகப் பரவினால் 14. தரையோரம் தேங்கினால் எவ்வளவு என்று சொல்ல முடியாது. சுவாமி அறையில் அன்று காலை விளக்கு எரிந்திருக்கிறது. மழைக்கு நுளம்பு வரும் என்று திரியும் கொளுத்தி வைத்திருந்தார்கள்.

நுரையீரலுக்குள்

இறந்த குருவியை வைத்தியர் குடும்பத்தின் சம்மதத்தோடு அறுத்துப் பார்த்தார். நுரையீரல் கருஞ்சிவப்பாக, ஈரம் கோத்து இருந்தது. இந்தப் பொருள்தான் கொன்றது என்று ஒரு பரிசோதனையால் அடித்துச் சொல்ல முடியாது, நேரமும் அறிகுறிகளும் நுரையீரலின் நிலையும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன என்றார்.

அவர் விளக்கிய விதத்தில் நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நாம் மூச்சை இழுக்கிறோம், விடுகிறோம். விடும்போது புதுக் காற்று நுரையீரலுக்குக் கிடைப்பதில்லை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே நமக்கு இருக்கும் பிரிமென்றகடு என்ற தசை பறவைக்கு இல்லை. உடம்பெங்கும் காற்றுப்பைகள் இருக்கின்றன. அவை துருத்திபோல் இயங்கி, இழுக்கும்போதும் விடும்போதும் நுரையீரலின் ஊடாக ஒரே திசையில் காற்றை ஓட விடுகின்றன. பறப்பதற்கு வேண்டிய ஒட்சிசனைப் பெற இயற்கை செய்த ஏற்பாடு அது. காற்றில் நஞ்சு இருந்தால் அந்த ஏற்பாடே நஞ்சையும் நம்மைவிடத் திறமையாக உறிஞ்சிக் கொடுத்துவிடுகிறது.

இரண்டாவது விடயம் மருந்தின் குணம். பூனை, நாய், மனிதர் எல்லோருக்கும் நுரையீரலின் சிற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் விரிந்திருக்க ஒரு மெல்லிய படலம் உள்ளே பூசியிருக்கிறது. நீரைத் தள்ளிவிடும் பல்பகுதியத்தின் நுண்துளிகள் உள்ளே போனால் அந்தப் படலத்தைக் குலைத்துவிடும், சிற்றறைகள் சுருங்கி மூடும். லினனில் தேநீர் ஊறாமல் செய்யும் குணம்தான் அங்கேயும் வேலை செய்கிறது. இதனால், தண்ணீரில் கரைத்தது, கரைப்பான் வாடை இல்லாதது என்று விற்கப்படும் ஸ்பிரேக்களையும் நான் இப்போது முழுவதுமாக நம்புவதில்லை. தீப்பற்றாது என்பது உண்மை. நுண்துளி நுண்துளிதான்.

துளியின் அளவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு பழைய சம்பவம் உண்டு. 2006 மார்ச் மாதம் ஜெர்மனியில், குளியலறைக் கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் அடிக்கும் நீர்த்தடுப்பு ஸ்பிரே ஒன்றால் நூறு பேருக்கு மேல் மூச்சுத்திணறலுக்கு ஆளானார்கள். சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்தது. பொருளைச் சந்தையிலிருந்து மீட்டார்கள். அதே நோக்கத்துக்கான பொருள் கையால் அழுத்தும் பம்புப் போத்தலில் விற்கப்பட்டபோது அப்படிப் பிரச்சினை எழவில்லை. அமுக்க வாயு டின்னில் வந்ததும்தான் இது நடந்தது. பம்பு பெரிய துளிகளாகத் தெளிக்கும், அவை கீழே விழுந்துவிடும். டின் புகைபோல் தெளிக்கும். பத்து மைக்ரோமீற்றருக்குக் குறைந்த துளிதான் நுரையீரலின் ஆழம்வரை போகும்.

பூனையின் கதை வேறு. அதன் நாக்குத்தான் வழி. ரோமத்தில் ஒட்டிய எதையும் பூனை கடைசியில் விழுங்கிவிடும். துணியைத் தொட்டபோது காய்ந்திருந்தது என்று வேலையாள் சொன்னது பொய் அல்ல. மேற்பரப்பு காய்ந்திருந்தது. மூன்று பூச்சும் லினனைத் தாண்டிப் பஞ்சுக்குள் இறங்கியிருந்தன. ஞாயிறு பிற்பகல், அதாவது முழுதாக ஒருநாள் கழித்து, நான் ஒரு குஷனின் சிப்பைத் திறந்து மூக்கை வைத்தேன். கண் எரிந்தது. நான்கரைக் கிலோ எடையுள்ள பூனை அதன்மேல் படுத்து உடம்புச் சூட்டைக் கொடுத்து, இரண்டு மணித்தியாலம் அந்த ஆவியிலேயே தூங்கியிருக்கிறது. குளிரூட்டி ஓடியதால் வாடை குறைந்ததுபோல் தோன்றியிருக்கிறது. வீட்டுக் குளிரூட்டி அறைக்குள் இருக்கும் காற்றையே குளிரவைத்துச் சுழற்றுகிறது. வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. இதை நான் இப்போது ஒவ்வொரு வீட்டிலும் சொல்கிறேன், பலர் நம்ப மறுக்கிறார்கள்.

பூனை உள்ள வீட்டுக்கு இன்னோர் எச்சரிக்கை. துணிக்கு அடிக்கும் நுளம்பு விரட்டி ஸ்பிரேக்கள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது. நாய்க்கு அவ்வளவாகக் கேடில்லாத அந்த மருந்தைப் பூனையின் ஈரலால் எளிதில் உடைக்க முடியாது. உடல் நடுங்கி, வலிப்பு வந்து இறக்கவும் கூடும். டெங்குக் காலத்தில் கறைக்காப்பு என்று நினைத்து மாறி எடுத்துவிடாதீர்கள்.

டின்னைப் பற்றிக் கேட்டபோது

விநியோகித்தவரிடம் பாதுகாப்புத் தரவுத்தாள் கேட்டேன். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக. மூன்று நாள் கழித்து மின்னஞ்சலில் வந்தது. பதினாறு பிரிவுகள் உள்ள தாள் அது. மூன்றாம் பிரிவில் உள்ளே இருப்பவை, நான்காம் பிரிவில் முதலுதவி. வாந்தியைத் தூண்டக் கூடாது என்று நான்காம் பிரிவில் அப்படியே இருந்தது. டின்னில் அதற்கு இடமில்லை.

ரீச்சர் என்னிடம் கேட்ட இன்னொரு கேள்விக்கும் பதில் தேட வேண்டியிருந்தது. "இது அந்த அழியாத இரசாயனமா?" இந்தவகை மருந்தின் பிறப்பு 1953. அமெரிக்காவின் 3எம் நிறுவன ஆய்வுகூடத்தில் உதவியாளர் ஒருவரின் சப்பாத்தில் புளோரின் கலவை தவறிச் சிந்தியது. அந்த இடம் மட்டும் அழுக்குப் பிடிக்காததைப் பற்சி ஷெர்மனும் சாம் ஸ்மித்தும் கவனித்தார்கள். 1956இல் அது சந்தைக்கு வந்தது. அந்தப் பழைய மருந்தின் அடிப்படையான பீஃபோஸ் என்ற பொருள் உடம்பிலும் மண்ணிலும் தேங்குகிறது என்று தெரிந்து, 2000இல் அந்த நிறுவனமே அதைக் கைவிடுவதாக அறிவித்தது. எளிதில் அழியாத நச்சு இரசாயனங்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கைப் பட்டியலில் 2009இல் அது சேர்ந்தது. இலங்கையும் அந்த உடன்படிக்கையில் உள்ள நாடு. இன்றைய டின்களில் பெரும்பாலும் குட்டைச் சங்கிலிப் புளோரின் சேர்மங்கள், அதாவது காபன் அணுக்களின் தொடர் குறுகியவை. தேங்குவது குறைவு என்கிறார்கள், எளிதில் அழிவதில்லை என்பது அவற்றுக்கும் பொருந்தும். துணி தேயத் தேய அது வீட்டுத் தூசியில் சேரும், தூசி ரோமத்தில் சேரும், ரோமத்தைப் பூனை நக்கும். இதை ரீச்சரிடம் ஒளிக்காமல் சொன்னேன்.

இப்போது செய்வது

குருவி உள்ள வீட்டுக்குள் நாங்கள் எந்த ஸ்பிரேயும் அடிப்பதில்லை. டின்னானாலும் பம்பானாலும், கரைப்பானானாலும் தண்ணீரானாலும். குருவியை எங்கே வைப்பது என்று யோசித்து யோசித்து நான் வந்தடைந்த இடம் இதுதான். உறைகளையும் குஷன்களையும் வேலைத்தலத்துக்கு எடுத்துவந்து, கூரைக்குக் கீழே மூன்று பக்கமும் திறந்த இடத்தில் அடித்து, மூன்று முழு நாள் வைத்து, பஞ்சு வரை மோந்து பார்த்துத்தான் திருப்பிக் கொடுக்கிறோம். வான் கூலி கூடுகிறது. பண்டிகைக்கு முதல்நாள் தரும்படி கேட்பவர்களிடம் முடியாது என்கிறேன். போன பொங்கலுக்கு இரண்டு வேலை கைவிட்டுப் போயின.

வேலையாளுக்கு ஆவி தடுக்கும் கரிக் குடுவை வைத்த முகக்கவசம் வாங்கிக் கொடுத்தேன். அதுவரை கொரோனாக் காலத்து நீல முகக்கவசத்தோடுதான் அடித்தார். அது ஆவியைத் தடுக்காது.

பூனையோ நாயோ மட்டும் இருக்கும் வீட்டில், பாரமான செற்றியை எடுத்துவர முடியாதபோது வீட்டில் அடிக்க ஒப்புக்கொள்கிறேன். மழை இல்லாத நாளில் மட்டும், பம்புப் போத்தலில் மட்டும். பிராணியை அன்றிரவு உறவினர் வீட்டில் விட வேண்டும். அடிக்கும் அறையின் யன்னலில் விசிறியை வெளியே பார்த்து வைக்கிறோம். மற்ற அறைகளின் யன்னல்களைத் திறந்து, குளியலறை விசிறியை நிறுத்துகிறோம். அப்போது காற்று மற்ற அறைகளிலிருந்து இந்த அறைக்கு வந்து வெளியே போகும். தொடங்குமுன் கதவடியில் ஊதுபத்தி பிடித்துப் பார்த்து, புகை எங்கள் பக்கம் சாய்ந்தால்தான் வேலை. பார்த்து முடித்ததும் பத்தியை அணைத்து, விளக்கு, நுளம்புத்திரி, அடுப்பு எல்லாம் அணைந்ததை நானே போய்ப் பார்த்த பிறகுதான் போத்தலைத் திறக்க விடுகிறேன்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கடலோர வீடுகளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பகலில் காற்று கடலிலிருந்து வரும். மேற்குப் பால்கனியில் வைத்து அடித்தால் வெளியில் அடித்துவிட்டோம் என்று நினைப்போம், அத்தனையும் வீட்டுக்குள் வரும். மொட்டைமாடி நல்லது, அயலவரின் புறாக்கூடோ குருவிக்கூடோ காற்று போகும் பக்கத்தில் இல்லை என்றால். மீன்தொட்டி இருந்தால் மேலே ஈரத்துணி போர்த்திக் காற்றுப்பம்பை நிறுத்த வேண்டும். அந்தப் பம்பு அறைக் காற்றைத்தான் தண்ணீருக்குள் குமிழியாக விடுகிறது. நீண்டநேரம் நிறுத்தவும் முடியாது, ஆகவே தொட்டி உள்ள அறையை நான் தவிர்த்துவிடுகிறேன்.

இன்னும் சொல்ல வேண்டுமானால், பிராணி உள்ள பெரும்பாலான வீடுகளுக்கு இந்த மருந்து தேவையே இல்லை. நெருக்கமாக நெய்த பருத்தியில், சிப் வைத்துக் கழற்றித் துவைக்கக்கூடிய இரண்டு சோடி உறை தைத்துக் கொடுத்தால் போதும். எனக்கும் அதில்தான் வேலை அதிகம், கூலியும் அதிகம். இதை முன்பே சொல்லி விற்றிருக்க வேண்டியவன் நான்.

ரீச்சர் வீட்டு லினனை முழுவதுமாகக் கழற்றினேன். பஞ்சையும் மாற்றினேன், காசு வாங்கவில்லை. பேரன் முதல் இரண்டு முறை நான் போனபோது அறையை விட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் முறை வந்து, பச்சைக் குருவிக்கு நொந்ததா என்று கேட்டான். ஆம், மூச்சு முட்டியிருக்கும் என்றேன். அவனிடம் வேறுவிதமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீலக் குருவி பல நாள் சத்தமிடாமல் இருந்து, மார்கழியில் மறுபடியும் கத்தத் தொடங்கியது என்று ரீச்சர் சொன்னார்.

பொங்கல் கழித்து அவரே அழைத்தார். திரைச்சீலைக்கு ஓரம் தைக்க வேண்டுமாம்.

"தம்பி, ஒரு குருவி, ஒரு பூனை. கழற்றி மடித்து வாசலில் வைத்திருக்கிறேன், வந்து எடுத்துக்கொண்டு போங்கள்" என்றார்.